கொடிக்கரையில் புறப்படும் நேரம்

அந்தப் பயணத்துக்கு லூர்துராணி இரண்டாம் தடவை வழிப்படம் வரைந்தது எண்பத்தாறாம் வருடம், ஏப்ரல் கடைசியில். முதல் தடவை வரைந்தது எழுபத்துநாலில். நடுவில் இருந்த பன்னிரண்டு வருடமும் அவள் அதை நினைக்காமல் இருந்தாள் என்று சொன்னால் மாதாவே நம்பமாட்டாள்.

அவள் கணவர் இன்னாசிராஜ் பொன்மலை ஒர்க்‌ஷாப்பிலிருந்து ரிட்டயர் ஆகி ஒரு மாதம் ஆகியிருந்தது. ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திருவானைக்காவலில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஸ்ரீரங்கத்தில் அவள் பூகோளம் எடுக்கும் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு இங்கிருந்து நடந்தே போய்விடலாம். மகள் ஜெசிந்தா வேலூரில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இரண்டே பேர், இன்னும் பிரிக்காத நாலு மூட்டை, இதுவரை பழக்கமில்லாத அளவுக்கு நேரம்.

"வேலைதான் முடிஞ்சுபோச்சே. இப்பவாவது போவோமா?" என்று அவள் கேட்டாள். அவர் உடனே "சரி" என்றார். அவ்வளவு சீக்கிரம் வந்த சரி அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பன்னிரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வாதமெல்லாம் வீண்.

ரயில்வேக்காரனைக் கட்டிக்கொண்டவளுக்கு ஊர் என்றால் ஸ்டேஷன்தான். இதை அவள் கல்யாணமான முதல் வருடமே தெரிந்துகொண்டாள். இன்னாசிராஜுக்கு விழுப்புரம் என்பது சாப்பாடு வாங்க இருபது நிமிஷம். மானாமதுரை என்பது வண்டி மாறுகிற இடம். வருடத்துக்கு மூன்று பாஸ். பாஸ் இருக்கும்போது பஸ்ஸில் போகிறவன் அவர் கணக்கில் பைத்தியக்காரன். ரோடு என்பது ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் இருந்தால் போதும்.

அந்த முதல் வருடம் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு ரயிலில் போனார்கள். முத்துப்பேட்டை தாண்டியதும் உப்பளங்களுக்கு அப்பால் நீலமாக ஒரு கோடு தெரிந்தது. கோட்டின் மேல் ஒரே ஒரு பாய்மரம். "என்னங்க, கடல்!" என்று அவள் கத்தினாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆறு நிமிஷம் லேட்டு" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது பனைமரங்கள் வந்து கடலை மூடிவிட்டன. அன்றைக்கு அவள் மனதில் விழுந்தது அந்த ஆசை. கடலோரமாகவே போக வேண்டும். போகிற வண்டி அவள் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். நின்ற இடத்தில் அவர் அவள் பக்கத்தில் இருந்து, அவள் பார்ப்பதைப் பார்க்க வேண்டும்.

"ரயிலும் கடலோரமாத்தானே போகுது?" என்பார்.

"முதுகைக் காட்டிக்கிட்டுப் போகுது" என்பாள்.

எட்டு வருடம் கெஞ்சி எழுபத்துநாலில் சம்மதம் வாங்கினாள். பள்ளியில் கழித்துப்போட்ட ஒரு பழைய மழையளவுப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். துணி ஒட்டிய கெட்டித் தாள். அதன் பின்பக்கத்தில் வழி போட்டாள். தஞ்சாவூர், மன்னார்குடி, வேதாரண்யம், கொடிக்கரை. கொடிக்கரையில் காடும் கடலும் ஒன்றையொன்று தொடும் இடம், மான்கள், பறவைகள். பிறகு அதிராம்பட்டினம், மனோரா, மீமிசல், தொண்டி என்று கரையைப் பிடித்துக்கொண்டே கன்னியாகுமரி வரை. அங்கிருந்து மலையேறித் தேக்கடியில் படகும் யானையும், கொடைக்கானலில் பூங்கா. பச்சை மையில் காடு, நீலத்தில் கடல், சிவப்பில் ரோடு. பாலக்கரை அப்துல் சுக்கூரின் அம்பாசிடரை மே பதினோராம் தேதிக்குச் சொல்லிவைத்தார்கள்.

மே எட்டாம் தேதி நாடு முழுக்க ரயில் நின்றது. ஸ்டிரைக் வராது, பேச்சுவார்த்தையில் முடிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்த இன்னாசிராஜ் ஒன்பதாம் தேதி விடிந்ததும் ஒரு மஞ்சள் பையோடு கிளம்பினார். காலனியில் ஆண்களைத் தேடி போலீஸ் வந்துகொண்டிருந்தது. "மணப்பாறையில சவரிராயன் மாமனார் வீடு இருக்கு. யாரும் கேட்டா தெரியாதுன்னு சொல்லு" என்றார். சவரிராயன் அவரோடு வேலை பார்த்தவர். அன்று மத்தியானமே அவள் வீட்டிலும் தேடினார்கள். அலமாரியைக் கொட்டிப் போட்டார்கள். அவர்கள் போனபிறகு பார்த்தால் படம் இல்லை.

பதினோராம் தேதி காலையில் சுக்கூர் சொன்னபடி வண்டியோடு வந்து நின்றார். யாரும் அவரிடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கவில்லை. விஷயத்தைக் கேட்டதும், பையோடு வாசலில் நின்ற எட்டு வயது ஜெசிந்தாவை முன் சீட்டில் ஏற்றி காலனியை ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

மாதக் கடைசியில் இன்னாசிராஜ் திரும்பினார். கறுத்து, இளைத்து, தாடியோடு. வேலை திரும்பக் கிடைக்க நவம்பர் ஆயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு மே மாதமும் அவள் கேட்டாள். ஒவ்வொரு மே மாதமும் ஒரு காரணம் இருந்தது. அவளும் அந்தக் கதையை ஒரு வேடிக்கையாக்கிக்கொண்டாள். "என் கொடிக்கரை மேப்பை போலீஸ் தூக்கிட்டுப் போயிட்டாங்க. மான் எல்லாம் ஸ்டிரைக் பண்ணப்போகுதுன்னு நினைச்சிருப்பாங்க" என்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறவர்கள், ஆசிரியர் அறையில் இருப்பவர்கள், எல்லாரும் சிரிப்பார்கள். இன்னாசிராஜும் சிரிப்பார்.

இப்போது கூடத்தில் புதுச் சார்ட் தாளை விரித்து நாலு மூலையிலும் டம்ளர் வைத்திருந்தாள். சுக்கூர் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தாடி நரைத்திருந்தது. வண்டி அதே வண்டிதான், பெயிண்ட் மட்டும் வேறு.

"பன்னெண்டு வருஷம் கழிச்சு ஆள் அனுப்புறீங்களேம்மா. வண்டி இன்னும் உங்க வாசல்லயே நிக்குதுன்னு நினைச்சீங்களா?"

"நிக்கும்னுதான் நினைச்சேன் பாய்."

"ஜெசிந்தாப் பாப்பா வரலியா? முன் சீட்டு அதுக்குத்தான்."

"அது நம்மள விட ஒசரமாயிருச்சு. முன் சீட்டு எனக்கு."

சுக்கூர் தாளை எட்டிப் பார்த்தார். "மொதல்ல கொடிக்கரையா? அங்க என்னம்மா இருக்கு, உப்பும் முள்ளுக்காடும்தான்."

"பறவைங்க பாய். எங்கெங்கேருந்தோ வரும்."

ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்த இன்னாசிராஜ் தலையைத் தூக்காமலே சொன்னார்: "மே மாசத்துல பறவை ஏது? அதெல்லாம் அப்பவே போயிருக்கும். இப்ப குதிரைதான்."

"குதிரையா?"

"காட்டுக் குதிரை. யாருக்கும் சொந்தமில்லாம திரியும். வெயில் தாழ்ந்தா கரைக்கு வந்து நிக்கும். குட்டியோட…"

கத்தி நின்றது. மாங்காய்த் துண்டை எடுத்து உப்பில் தோய்த்தார், வாயில் போடவில்லை. சுக்கூர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "தேதியச் சொல்லுங்க, இன்ஷா அல்லா வந்து நிப்பேன்" என்று எழுந்து போனார்.

லூர்துராணிக்கு மான் தெரியும். முயல் தெரியும், நாரை தெரியும், பாடப்புத்தகத்தில் இருப்பது எல்லாம் தெரியும். குதிரை எந்தப் புத்தகத்திலும் இல்லை. யாரோ சொல்லிக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் காதால் கேட்ட குதிரைக்குக் குட்டி இருக்காது. கண்ணால் பார்த்த குதிரைக்குத்தான் இருக்கும்.

"எப்பப் போனீங்க?" என்றாள்.

அவர் பொய் சொல்ல முயலவில்லை. "ஸ்டிரைக்கப்ப" என்றார்.

எழுந்து போய், பிரிக்காத மூட்டைகளில் ஒன்றுக்கு அடியிலிருந்து தன் டூல் பெட்டியை இழுத்தார். ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றி அந்தப் படம் இருந்தது. ஒரு பக்கம் இந்தியாவின் மழை. மறு பக்கம் அவளுடைய பச்சையும் நீலமும் சிவப்பும். மடிப்புகளில் வெளுத்திருந்ததே தவிர எங்கும் கிழியவில்லை.

"சவரிராயன் வீடு?"

"மணப்பாறை வரைக்கும் போனேன். அங்கயும் தேடிட்டுப் போயிருந்தாங்க. நான் எங்க போவேன்? எங்கப்பாவும் ரயில்வே. நான் பொறந்ததே குவார்ட்டர்ஸ்ல, சொல்லிக்க ஒரு ஊர் கிடையாது. ரயில நிறுத்திட்டு ரயில்லயே ஓட முடியுமா? ரோடுன்னு எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, நீ போட்டது. கிளம்பும்போது எதுக்குன்னு தெரியாமத்தான் பையில வெச்சேன்."

லூர்துராணிக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, கல்கல். பன்னிரண்டு கிறிஸ்துமஸுக்கு அவள் சவரிராயன் வீட்டுக்குக் கல்கல்லும் அதிரசமும் முறுக்குமாகத் தட்டு நிறைய அனுப்பியிருக்கிறாள். என் புருஷனுக்கு இடம் கொடுத்த குடும்பம் என்று. அந்த மனுஷனும் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறான்.

அவள் தாளைத் தரையில் விரித்தாள். ஒவ்வொரு ஊருக்குப் பக்கத்திலும் பென்சிலில் அவர் கையெழுத்து. ரயில்வேக்காரர் எழுதுவார் இல்லையா, அப்படி. மன்னார்குடி: வ. 9.20, பு. 9.50. வேதாரண்யம்: வ. 2.15, பு. 3.30, உப்பு லாரி. அதிராம்பட்டினம், மனோரா, மீமிசல், எல்லாவற்றுக்கும் வந்த நேரம், புறப்பட்ட நேரம், தேதி. கடைசி ஊர் தொண்டி. அதற்குக் கீழே அவளுடைய கடற்கரை பென்சில் படாமல் கன்னியாகுமரி வரை சுத்தமாக இருந்தது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் எழுத்து பாதியில் நின்றது. கொடிக்கரை: மே 13, வ. 4.40. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"இங்க ஏன் பொறப்பட்ட நேரம் போடல?"

"மூணு நாள் இருந்தேன். உப்பளத்துக்காரர் ஒருத்தர் கொட்டகையில படுத்துக்கச் சொன்னார்." தாளின் ஒரு மடிப்பை நீவிவிட்டார். "மணி பாக்கத் தோணல ராணி. சாயந்திரமானா அந்தக் குதிரைங்க வரும். நான் மணல்ல உக்காந்துக்குவேன். பயமா இருந்திருக்கணும், இல்லையா? சந்தோஷமா இருந்துச்சு."

பதிமூன்று, பதினாலு, பதினைந்து. அவள் அந்தத் தேதிகளை விரலால் தொட்டாள். பதினாலாம் தேதி அவள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் காலனிப் பெண்களோடு நின்றிருந்தாள், பிடிபட்டவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று கேட்க. ஜெசிந்தாவுக்குக் காய்ச்சல், தோளில் தூக்கி வைத்திருந்தாள். சாயந்திரம் வரை நின்றாள். அதே சாயந்திரம் அவர் மணலில் உட்கார்ந்து குதிரைக் குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினாள்.

ஸ்ரீரங்கத்தில், கீழச் சித்திர வீதியில், அவள் பள்ளியிலேயே கணக்குப் பாடம் எடுக்கும் ரெங்கம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். லூர்துராணி சொல்லச் சொல்ல மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏண்டி லூர்து, ஒளிஞ்சுக்கப் போனவர் அங்க நன்னா இருந்தார்னா அது ஒரு குத்தமா? எங்காத்துக்காரர் என்னை அழைச்சிண்டு போன எடத்துலல்லாம் அவரும் நன்னா இருக்கலை, நானும் நன்னா இருக்கலை."

"அது இல்ல ரெங்கா."

"பின்னே?"

"போனது பரவால்ல. சொல்லாம இருந்தது கூடப் பரவால்ல. நான் அந்த மேப்பை போலீஸ் கொண்டுபோச்சுன்னு எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன். நீயே எத்தனை தடவை கேட்டிருக்கே. அப்பல்லாம் பக்கத்துல உக்காந்து அவரும் சிரிச்சாரே."

ரெங்கம்மாள் ஒரு நிமிஷம் கையை நிறுத்தினாள். "சிரிச்சாரா? நன்னா யோசிச்சுப் பாரு. உங்காத்துக்கு வரச்சே நானும் பாத்திருக்கேன். நீ அந்தக் கதையை எடுத்தாலே அவர் ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு, தண்ணி எடுத்துண்டு வரேன்னு உள்ளே போயிடுவார். இந்த மனுஷருக்கு மட்டும் எப்பப் பாத்தாலும் தாகம்னு நான் நினைச்சுப்பேன்."

திரும்பி வரும்போது லூர்துராணி வேண்டுமென்றே சுற்றுவழியில், காவிரிக் கரையோரமாக நடந்தாள். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் பையன்கள் ஸ்டம்பு நட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு என்னதான் வேண்டும் என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். கடல் எங்கும் போய்விடவில்லை. பஸ் பிடித்தால் நாளைக்கே பார்த்துவிடலாம். அவள் கேட்டது கடல் இல்லை. இரண்டு பேருமாக முதல் தடவை பார்ப்பது. அது எழுபத்துநாலிலேயே முடிந்துபோயிருந்தது. அது தெரியாமல் அவள் பன்னிரண்டு வருடம் அதற்காகக் காத்திருந்திருக்கிறாள். அவருக்கு அது தெரிந்திருந்தது. அதனால்தான் ஒவ்வொரு மே மாதமும் ஒரு காரணம். கூட்டிக்கொண்டு போய், குதிரையைப் பார்த்து புதிதாக ஆச்சரியப்படுவதுபோல் நடிக்க அவருக்கு வராது. அந்த அளவுக்கு அவள் அவரை அறிவாள்.

இன்னொன்றும் தோன்றியது. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது. அவருக்கு அந்தச் சந்தோஷம் கிடைத்ததில் அல்ல, தனியாகக் கிடைத்ததில்தான் அவளுக்குப் பொறாமை. யாரும் தேடிவர முடியாத இடம், மணி பார்க்காத மூன்று நாள், காய்ச்சல்காரக் குழந்தை தோளில் இல்லாத ஒரு சாயந்திரம். கல்யாணமானதிலிருந்து இதுவரை அவள் ஒரு இடத்தையும் தனியாகப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று நினைத்தது கூட இல்லை. இன்றைக்குத்தான் நினைக்கிறாள்.

வீட்டில் இன்னாசிராஜ் ஸ்பேனர்களைத் திரும்பப் பெட்டியில் அடுக்கியிருந்தார். இரண்டு தாள்களும் தரையில் அப்படியே கிடந்தன. நறுக்கிய மாங்காய் உலர்ந்து சுருண்டிருந்தது.

அவள் புதுச் சார்ட்டைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். பழைய தாளின் முன் உட்கார்ந்து சிவப்புப் பேனாவைத் திறந்தாள்.

"வாங்க, உக்காருங்க. புதுக்கோட்டை, அறந்தாங்கி வழியா நேரே தொண்டி. அங்கேருந்து கீழ. நீங்களும் பாக்கல, நானும் பாக்கல."

அவர் வந்து எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். ரிட்டயர் ஆன பிறகும் காதில் பென்சில் வைக்கும் பழக்கம் போகவில்லை. தொண்டிக்குக் கீழே அவள் விரல் போகப் போக அவர் மெல்ல மெல்ல நேரம் சொல்ல ஆரம்பித்தார். தேவிபட்டினம், தூத்துக்குடி, மணப்பாடு. மணப்பாட்டில் சிலுவைக் கோயில் மேட்டிலிருந்து கடல் மூன்று பக்கமும் தெரியுமாம், அங்கே ஒரு இரவு தங்கலாமா என்று கேட்டார். கேட்டுவிட்டு, "பேப்பர்ல படிச்சேன், சத்தியமா" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். குமரி, தேக்கடி, கொடைக்கானல் பூங்கா, திண்டுக்கல், திருச்சி.

"கொடிக்கரை?" என்றார் தயங்கி.

"கடைசியா."

"திருச்சிக்கு வந்த பெறகா? வீட்டைத் தாண்டியா?"

"வீட்டைத் தாண்டித்தான். வீட்டுல எறங்கக் கூடாது. எறங்கினா பால், தண்ணி, துணின்னு ஆரம்பிச்சிரும். நேரா போயிரணும்."

அவர் தலையை ஆட்டினார். சுக்கூர் என்ன சொல்வாரோ என்றார். சுக்கூர் ஏதாவது சொல்லட்டும் என்றாள் இவள்.

"அங்க போனதும் நீங்க பாயோட வண்டியிலயே இருக்கணும். நான் மட்டும் எறங்கிப் போவேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் வாடிப்போயிற்று. அவள் பார்வையை மாற்றவில்லை. தண்டனையாகச் சொல்கிறாளா என்று அவர் தேடினார் போல. அப்படியும்தான் கொஞ்சம் இருந்தது, அவள் அதை மறைக்கவும் இல்லை.

"சரி" என்றார். இந்தச் சரி மெதுவாகத்தான் வந்தது.

காதிலிருந்து பென்சிலை எடுத்தார். கொடிக்கரைக்குப் பக்கத்தில், தன்னுடைய பழைய வ. 4.40-க்குக் கீழே, புதிதாக ஒரு வ. போட்டு 4.00 என்று எழுதினார். பிறகு பழக்கத்தில் ஒரு பு. போட்டார். பென்சில் அங்கேயே நின்றது.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

அவள் சிவப்புப் பேனாவை மூடினாள். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பென்சிலைத் தாளின் மேல் படுக்கவைத்துவிட்டு, காய்ந்த மாங்காய்த் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இந்தத் தடவையும் குட்டி இருக்குமா?" என்று லூர்துராணி கேட்டாள்.

இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். "எனக்கெப்படித் தெரியும்?" என்றார். "பாத்துட்டு வந்து நீ சொல்லு."